திருடன் அடுத்த தெருவுக்குப் போகிறானா?
போலீஸ் கெடுபிடியும் கடை வாடகையும் - ஒரு விளக்கம்

கடைத்தெருவில் பிக்பாக்கெட் தொல்லை, இரவில் பூட்டு உடைப்பு, முனைக்கு முனை கஞ்சா விற்பனை என்று வணிகர்கள் கூடிப் புகார் கொடுத்தால், சில நாட்களுக்குப் போலீஸ் நடமாட்டம் அதிகரிக்கிறது. தொல்லையும் ஓய்கிறது. உடனே ஒரு கேள்வி எழும். "இங்கே விரட்டினால் அவன் பக்கத்துத் தெருவுக்குப் போவான், அங்கே விரட்டினால் திரும்பவும் இங்கே வருவான். இதில் யாருக்கு என்ன லாபம்?" என்று சிலர் கேட்பார்கள். "நம் தெரு சுத்தமானால் போதும், மற்றதைப் பற்றி நமக்கென்ன?" என்பார்கள் வேறு சிலர்.

இரண்டுமே அனுபவத்தில் பிறந்த பேச்சுத்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அனுமானத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இன்று இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த 40 ஆண்டுகளாக இதைத் தெருத் தெருவாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த விவரங்களை நம் வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அவற்றில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, குற்றவாளி எப்போது இடம் பெயர்கிறான், எப்போது பெயர்வதில்லை என்பது. மற்றொன்று, தெரு சுத்தமான பிறகு கடைக்காரர் இடம் பெயர நேர்கிறதா என்பது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நாம்தான் பேசியாக வேண்டும்.

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பேட்டை

நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்கில் உள்ள பகுதிக்கு 'லோயர் ஈஸ்ட் சைடு' என்று பெயர். அதன் வட பாகத்தில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகளையே பெயராகக் கொண்ட அவென்யூக்கள் உள்ளன. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளி மக்கள் நிறைந்த பேட்டை அது. அவர்களுடைய மளிகைக் கடைகளைப் 'பொடேகா' என்பார்கள். அரிசி, பீன்ஸ், ரொட்டி, பால், சிகரெட் எல்லாம் ஒரே சிறு கடையில் கிடைக்கும். தெரிந்தவர்களுக்குக் கடனும் உண்டு. நம் தெருமுனைக் கடை போன்றதுதான்.

1970-களில் அந்தப் பேட்டை சீரழிந்தது. வரி கட்டக் கட்டுப்படியாகாமல் பல வீட்டு உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள். எரிந்தும் இடிந்தும் கிடந்த கட்டடங்களில் ஹெராயின் வியாபாரம் புகுந்தது. பட்டப்பகலில், நடுத்தெருவில், வரிசையில் நின்று வாங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. வாங்க வந்தவர்களில் கணிசமானோர் வெளியூர்க்காரர்கள். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியிலிருந்து காரில் வந்து வாங்கிப் போனார்கள்.

1984 ஜனவரியில் நகரப் போலீஸ் 'ஆபரேஷன் பிரஷர் பாயின்ட்' என்ற பெயரில் பெருங் கெடுபிடியைத் தொடங்கியது. ஏறத்தாழ 240 போலீசார் கூடுதலாக இறக்கப்பட்டனர். நடை ரோந்து, குதிரைப் போலீஸ், கைது மேல் கைது என்று மாதக் கணக்கில் நீடித்தது. ஆராய்ச்சியாளர் மார்க் கிளைமன் தொகுத்த கணக்கின்படி, 1983-ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்களோடு 1984-இன் அதே எட்டு மாதங்களை ஒப்பிட்டால் வழிப்பறி 47 சதவீதமும், வீடு கடை புகுந்து திருடுவது 37 சதவீதமும் குறைந்தன. கொலைகள் 34-இலிருந்து 13 ஆயின.

அப்படியானால் ஹெராயின் வியாபாரம் ஒழிந்ததா? ஒழியவில்லை. நடுத்தெருவிலிருந்து கட்டடங்களுக்குள்ளே போயிற்று. மேற்குப் பக்கத்து அவென்யூக்கள் விரைவில் தெளிந்தன. கிழக்கே ஆற்றோரம் போகப் போக விற்பனை தொடர்ந்தது. ஆனாலும் வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்கிய புதுக் கிராக்கிக்கு, முன்பின் தெரியாத கட்டடத்தின் கதவைத் தட்டத் துணிவு வரவில்லை. நடுத்தெரு வியாபாரம் அப்படியே முழுதாக இன்னோர் இடத்தில் முளைத்துவிடவில்லை. பாதி நகர்ந்தது, பாதி உதிர்ந்தது எனலாம்.

எல்லாக் கெடுபிடியும் இப்படிப் பலன் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின், லாரன்ஸ் என்று இரண்டு ஊர்கள். லின் நகரில் 1983-இல் ஹெராயின் விற்பனைக்கு எதிரான கெடுபிடி தொடங்கிய பிறகு வழிப்பறியும் திருட்டும் குறைந்தன. அதைப் பார்த்து 1984-இல் லாரன்ஸ் நகரிலும் அவ்வாறே செய்தார்கள். அங்கே வழிப்பறி குறையாதது மட்டுமல்ல, கூடியது. ஒரே மருந்து, இரண்டு நோயாளிகள், இரண்டு விளைவுகள்.

கடையை மாற்றுவது எளிதா?

'குற்றம் அடுத்த தெருவுக்குப் போகிறதா?' என்ற கேள்வியை மட்டுமே எடுத்துக்கொண்டு மிகக் கவனமாகச் செய்த ஆய்வு நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் நடந்தது. டேவிட் வைஸ்பர்ட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் நடத்திய அந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. விபசாரம் நடந்த ஓர் இடம், போதைப்பொருள் விற்ற ஓர் இடம் என இரண்டைத் தேர்ந்தெடுத்துப் போலீசார் கெடுபிடி செய்தனர். ஆய்வாளர்கள் கண் வைத்தது அந்த இடங்களின் மேல் மட்டுமல்ல. அவற்றைச் சுற்றிலும் இருந்த தெருக்களிலும் ஆட்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் நின்று நடப்பதைக் குறித்துக்கொள்வது என்ற முறையில் 6,000-க்கும் மேற்பட்ட தடவை கண்காணித்தார்கள். பிடிபட்டவர்களிடமும் பேசிப் பார்த்தார்கள்.

முடிவு பலருக்கு வியப்பளித்தது. சுற்றுத் தெருக்களில் குற்றம் கூடவில்லை. மாறாக, அங்கேயும் சற்றுக் குறைந்தது. 'போலீஸ் எதுவரை வருமோ தெரியாது' என்ற அச்சம் எல்லையைத் தாண்டியும் வேலை செய்தது.

ஏன் இடம் மாறவில்லை என்பதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் சொன்ன காரணங்கள் நம் வணிகர்களுக்கு எளிதில் விளங்கும். நாம் 20 ஆண்டுகளாக ஓர் இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். திடீரென்று நாலு தெரு தள்ளிப் போய்க் கடை போடு என்றால் என்ன ஆகும்? வாடிக்கையாளர்கள் கூடவே வரமாட்டார்கள். அங்கே ஏற்கனவே கடை வைத்திருப்பவர் நம்மைச் சும்மா விடமாட்டார். யார் நாணயமானவர், யார் ஏமாற்றுபவர் என்று புது இடத்தில் நமக்குத் தெரியாது. போதைப்பொருள் விற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். அடுத்த தெரு இன்னொருவனுடைய எல்லை. அங்கே போனால் அடிதடி. தெரிந்த முகம் இல்லாத இடத்தில் எவன் போலீஸ், எவன் கிராக்கி என்று தெரியாது. விபசாரத்தில் இருந்த பெண்களும் பழக்கப்பட்ட இடத்தை விட்டுப் போவதற்குத் தயங்கினார்கள். குற்றமும் ஒரு வகையில் இடத்தை நம்பி நடக்கும் தொழில்தான். இடம் கெட்டால் தொழில் கெடும்.

இன்னொரு காரணமும் உண்டு. குற்றம் ஊர் முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை 1989-இல் வெளியான ஓர் ஆய்வு முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தது. மொத்த முகவரிகளில் 3 சதவீதத்துக்குச் சற்றே அதிகமான இடங்களிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. மதுக்கடை முனை, இருண்ட சந்து, பஸ் நிறுத்தம், பாழடைந்த கட்டடம் என்று ஏதோ ஒரு வசதி இருந்தால்தான் ஓர் இடம் குற்றத்துக்கு ஏற்றதாகிறது. அந்த வசதிகள் எல்லாத் தெருவிலும் ஒன்றுசேர அமைவதில்லை.

இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் இதே முடிவுக்கே வந்துள்ளனர். ராப் கெரெட், கேட் போவர்ஸ் என்ற இருவர் 2009-இல் 102 ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். அவற்றில் அளக்கப்பட்ட நேர்வுகளில் 26 சதவீதத்தில் குற்றம் ஏதோ ஒரு விதத்தில் இடம் மாறியிருந்தது. 27 சதவீதத்தில், அதற்கு நேர்மாறாக, நன்மை பக்கத்துக்கும் பரவியிருந்தது. இடம் மாறிய நேர்வுகளிலும் போன அளவைவிடக் குறைந்த அளவே பெரும்பாலும் அதிகமாக இருந்தது. ஆக, 'விரட்டினால் அத்தனையும் அடுத்த தெருவுக்குத்தான் போகும்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இடம் மாறும் சந்தர்ப்பங்கள்

ஆனால் இதை வைத்துக்கொண்டு, குற்றம் ஒருபோதும் நகராது என்று முடிவு கட்டுவதும் தவறு. நகர்ந்த உதாரணங்களும் உண்டு.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா. 1980-களின் பிற்பகுதியில் போதை ஊசி போடுவோர் அங்கே கூடுவதை அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டனர். கூட்டம் பெருகி உலகப் பத்திரிகைகளில் வரும் அளவுக்கு ஆனதும், 1992 பிப்ரவரியில் பூங்காவை இழுத்துப் பூட்டினார்கள். கூட்டம் கலைந்ததா? அருகிலிருந்த லெட்டன் என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1995 பிப்ரவரியில், லெட்டனையும் மூடினார்கள். இந்த முறை அத்தகைய திறந்தவெளிக் கூட்டம் மறுபடி உருவாகவில்லை. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன என்பதுதான் முக்கியம். போதைக்கு அடிமையானவர்களுக்கு மாற்று மருந்து, தங்குமிடம், 1994 முதல் மருத்துவர் மேற்பார்வையில் சிகிச்சை என்று போக ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு கதவை மூடினார்கள். போதைப் பழக்கம் உள்ளவனுக்கு இன்றைக்கு மருந்து கிடைத்தாக வேண்டும். இடத்தை மட்டும் மூடினால் அவன் தேவை மூடுவதில்லை. தேவை இருக்கிற வரை அவன் இன்னோர் இடத்தைத் தேடுவான்.

பிலடெல்பியாவில் 2009-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் வன்முறை மிகுந்த 60 இடங்களில் புதிதாகப் பயிற்சி முடித்த போலீசாரை நடை ரோந்துக்கு விட்டார்கள். அங்கே வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் குறைந்தன. ஆய்வாளர்கள் கணக்கில் ஒளிவு மறைவு செய்யவில்லை. 90 குற்றங்கள் தடுக்கப்பட்டன. பக்கத்தில் 37 கூடின. நிகர லாபம் 53 என்று வரவு செலவு போல எழுதினார்கள். ரோந்து முடிந்த பிறகு அந்த லாபம் நிலைக்கவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 2016-இல் 1,919 தெருத் துண்டுகளை வைத்து மிகப் பெரிய அளவில் சோதனை செய்தார்கள். திருட்டு போன்ற பொருட் குற்றங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்ததற்கான அறிகுறி அங்கே தென்பட்டது. கொலை போன்ற கொடுங்குற்றங்கள் அப்படி நகரவில்லை. மொத்தத்தில் குறைந்திருக்கலாம் என்றே கணக்குக் காட்டியது.

இவற்றிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. ஆத்திரத்திலும் சந்தர்ப்பத்திலும் நடக்கும் குற்றம், சந்தர்ப்பம் போனால் பெரும்பாலும் போய்விடும். லாபத்துக்காக நடக்கும் குற்றம், லாபம் வேறிடத்தில் கிடைக்குமானால் ஓரளவு நகரும். பழக்கத்துக்கு அடிமையானவர்களை நம்பி நடக்கும் வியாபாரம், அந்தப் பழக்கத்துக்கு வேறு வழி காட்டாதவரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

கெடுபிடி எத்தனை நாள்?

லாரன்ஸ் ஷெர்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1990-இல் 18 போலீஸ் கெடுபிடிகளை ஒப்பிட்டு எழுதினார். அவற்றில் 15 கெடுபிடிகள் தொடக்கத்தில் பலன் அளித்தன. ஆனால் பல இடங்களில் நாளாக ஆக அந்தப் பலன் தேய்ந்தது. தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கும் போலீஸ்காரர் திருடனுக்கும் பழகிப் போகிறார். மினியாபொலிஸ் ரோந்துக் கணக்குகளை ஆராய்ந்த கிறிஸ்டபர் கோப்பர், போலீசார் ஓரிடத்தில் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டு நகர்வதே அதிகப் பலன் தருகிறது என்று கண்டார். அதற்குமேல் நிற்பதால் கூடுதல் நன்மை இல்லை. எப்போது வருவார் என்று தெரியாமல் அடிக்கடி வந்து போகும் ஒருவரே நாள் முழுவதும் நிற்கும் ஒருவரைவிட மேல்.

போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சோதிப்பதும் அவசியமில்லை என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. 2011-இல் அந்த நகரில் 6,85,000-க்கும் அதிகமான தடவை பொதுமக்கள் தெருவில் நிறுத்தி விசாரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் கறுப்பின, ஸ்பானிய மொழி பேசும் இளைஞர்கள். அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் அந்த எண்ணிக்கை 12,000-க்குள் வந்துவிட்டது. குற்றம் பெருகவில்லை. 2011-இல் 500-க்கு மேல் இருந்த கொலைகள் 2017-இல் 300-க்குள் குறைந்தன. 1990-இல் அவை 2,200-க்கும் மேல் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. நகரின் ஐந்து பகுதிகளிலும் சேர்ந்தே குறைந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டு வந்த குறைவல்ல அது.

வணிகர்கள் தாமே செய்தது

போலீசை மட்டும் நம்பாமல் வணிகர்களே செய்துகொண்ட ஏற்பாடுகளும் உண்டு. கனடாவின் டொரான்டோவில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருவினர் 1970-இல் தங்களுக்குள் கட்டாயச் சந்தா விதித்துக்கொண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய வணிக வளாகங்களுக்கு வாடிக்கையாளர் போய்விடாமல் தங்கள் தெருவை அழகாகவும் பாதுகாப்பாகவும் வைத்துக்கொள்வதே நோக்கம். இன்று 'வணிகப் பகுதி மேம்பாட்டு அமைப்பு' என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கும் ஏற்பாட்டுக்கு அதுவே மூத்த முன்னோடி. நியூயார்க்கில் மட்டும் இப்போது 70-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. குப்பை வாருதல், விளக்குப் போடுதல், சீருடைக் காவலர் வைத்தல் ஆகியவை அவற்றின் பணிகள்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இத்தகைய அமைப்புகள் வந்த இடங்களில் கடுங்குற்றங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாக லியா புரூக்ஸ் என்பவரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. பிலிப் குக், ஜான் மெக்டொனால்டு ஆகியோர் 2011-இல் அதே நகரில் 30 அமைப்புகளை ஆராய்ந்தபோதும் குற்றம் குறைந்திருந்தது, கைதுகளும் குறைந்திருந்தன, பக்கத்துப் பகுதிக்குக் குற்றம் தள்ளப்பட்டதாகத் தெரியவில்லை.

பிலடெல்பியாவில் இன்னும் எளிய காரியம் ஒன்று செய்தார்கள். குப்பையும் புதரும் மண்டிக் கிடந்த காலிமனைகள் 541-ஐ எடுத்துக்கொண்டு, சிலவற்றைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டுவைத்து ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி ஏழைப் பேட்டைகளில் சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அது அருகே நகர்ந்து போனதாகவும் தெரியவில்லை. ஆயுதத்தை ஒளித்து வைக்க இருந்த புதர் போயிற்று, அவ்வளவுதான். ஆளை விரட்டுவதைவிட இடத்தைத் திருத்துவது மலிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தெரு சுத்தமானது, வாடகை?

இனி நாம் பேச வேண்டிய இரண்டாவது விஷயம். ஒரு பேட்டை பாதுகாப்பானதும் அங்கே வசதி படைத்தவர்கள் குடியேற விரும்புகிறார்கள். மனை விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது, பழைய குடிகள் மெல்ல வெளியேறுகிறார்கள். லண்டனில் தொழிலாளர் குடியிருப்புகள் இப்படி மாறியதைப் பார்த்த ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1964-இல் இதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். 'பேட்டை உயர்வு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பேட்டை உயர்கிறது என்பது உண்மை; பேட்டையில் இருந்தவர்கள் எல்லோரும் உயர்கிறார்கள் என்பது பொருளல்ல.

லோயர் ஈஸ்ட் சைடில் 1984-க்குப் பிறகு நடந்தது இதுதான். விலை போகாமல் கிடந்த கட்டடங்களுக்குப் போட்டி வந்தது. 1988 ஆகஸ்டில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவை இரவில் மூடுவது குறித்துப் போலீசுக்கும் கூட்டத்தினருக்கும் பெரிய கலவரமே நடந்தது. பேட்டை யாருக்குச் சொந்தம் என்பதே அந்தச் சண்டையின் உட்பொருள். இன்று அந்த அவென்யூக்களில் வாடகை மிக அதிகம்.

குற்றத்துக்கும் வாடகைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதைக் கேம்பிரிட்ஜ் நகர அனுபவம் காட்டுகிறது. இது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே வீட்டு வாடகைக் கட்டுப்பாடு 1995-இல் நீக்கப்பட்டது. டேவிட் ஆட்டர் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதன் விளைவாகக் குற்றங்கள் சுமார் 16 சதவீதம் குறைந்தன என்று கணித்தார்கள். அதே அறிஞர்களின் மற்றொரு கணக்கு வீட்டு மதிப்பைப் பற்றியது. 1994 முதல் 2004 வரை அந்த ஊரில் வீட்டுச் சொத்து மதிப்பு 780 கோடி டாலர் உயர்ந்தது; அதில் 200 கோடி டாலர் கட்டுப்பாட்டு நீக்கத்தால் வந்தது. அந்த 200 கோடியிலும் பெரும்பகுதி, ஒருபோதும் கட்டுப்பாட்டில் இல்லாத பக்கத்து வீடுகளின் உயர்வு. அதாவது தெரு மாறினால் தெருவிலுள்ள எல்லாச் சொத்தின் விலையும் மாறும். சொத்து உள்ளவருக்கு அது வரவு. வாடகைக்கு இருப்பவருக்கு அது செலவு.

வீடுகளுக்காவது பல ஊர்களில் ஏதோ ஒரு பாதுகாப்பு இருந்தது. கடைகளுக்கு? நியூயார்க்கில் கடை வாடகைக்கு 1945 முதல் 1963 வரை கட்டுப்பாடு இருந்தது. அதன்பின் நீக்கப்பட்டது. சிறு வணிகரைக் காக்கும் மசோதா ஒன்று 1980-களின் நடுவிலிருந்து திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டும் 2019 வரை சட்டமாகவில்லை. பத்தாண்டுக் குத்தகை முடிந்த அன்று உரிமையாளர் கேட்பதே வாடகை. போதாக்குறைக்கு, வணிகப் பகுதி மேம்பாட்டு அமைப்புக்கான கட்டணத்தைச் சட்டப்படி செலுத்துபவர் கட்டட உரிமையாளர் என்றாலும், ஒப்பந்த ஷரத்தின் மூலம் அது பெரும்பாலும் கடைக்காரர் தலையில் வந்து விழுகிறது. காவலுக்கும் விளக்குக்கும் பணம் கொடுத்தவர் கடைக்காரர். அதனால் உயர்ந்த மதிப்பு போய்ச் சேர்ந்தது கட்டட உரிமையாளருக்கு.

மிகைப்படுத்தவும் கூடாது. ரேச்சல் மெல்ட்சர் என்பவர் 2016-இல் நியூயார்க்கின் சிறு கடைகளைப் பற்றி ஆராய்ந்தபோது, உயர்ந்து வரும் பேட்டைகளிலும் பெரும்பாலான கடைகள் அதே இடத்தில் நீடித்ததையே கண்டார். மற்றப் பேட்டைகளைவிட அங்கே மூடல் பொதுவாக அதிகம் என்று சொல்ல முடியவில்லை. புதிதாக வந்த வசதியான வாடிக்கையாளர்களால் பலர் பிழைத்துக்கொண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாப் பேட்டையும் ஒன்றுபோல இல்லை. பழைய வாடிக்கையாளர் வீடு காலி செய்து போய், புதிதாக வந்தவர் வேறு சரக்குக் கேட்டு, அதே சமயத்தில் குத்தகையும் முடிகிறது என்றால், மூன்றையும் ஒருசேரத் தாங்கும் மூலதனம் சிறு கடைக்காரரிடம் இருப்பதில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு விவரங்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. எனினும் ஒரு கடைத்தெரு வணிகர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கையோடு அதிகாரிகளைச் சந்திக்கப் போகும்போது, சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் நன்மை உண்டு.

முதலாவது, 'தெரு முழுவதும் பந்தோபஸ்து வேண்டும்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த முனையில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குத் தொல்லை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதி வந்தாலே தொல்லை எத்தனை சிறு இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, நாள் முழுவதும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதைவிட, நேரம் மாற்றி மாற்றி அடிக்கடி ரோந்து வரக் கேட்பது பலனளிக்கும். காவல் துறைக்கும் சாத்தியப்படும்.

மூன்றாவது, ஆளை விரட்டுவதோடு இடத்தையும் திருத்த வேண்டும். எரியாத விளக்கு, புதர் மண்டிய காலிமனை, கதவில்லாத பழைய கட்டடம் இவற்றுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுப்பதும் பாதுகாப்பு வேலைதான்.

நான்காவது, பக்கத்துத் தெரு வணிகர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் தொல்லை அவர்கள் பக்கம் போகிறதா என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். அவர்கள் நோட்டையும் நம் நோட்டையும் ஒப்பிட்டால், நிகர லாபம் உண்டா என்பது நமக்கே விளங்கும். பிலடெல்பியாக்காரர்கள் 90-இலிருந்து 37-ஐக் கழித்தது போல நாமும் கழித்துப் பார்க்கலாம்.

ஐந்தாவதும் முக்கியமானதும் வாடகை ஒப்பந்தம். தெரு மேம்பாட்டுக்குச் சந்தா கட்டும் முன்பே, ஒவ்வொருவரும் தம் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்துப்படியே நடக்கும். ஆகவே எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம், தெரு மேம்பாட்டுச் செலவு யாருடையது என்ற மூன்றையும் தெரு சுத்தமாவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். விலை ஏறிய பிறகு பேரம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதைச் சரக்குப் பிடிக்கும் வணிகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கெடுபிடி செய்தால் திருடன் அப்படியே அடுத்த தெருவுக்குப் போய்விடுவதில்லை. சரியாகச் செய்தால் பெரும்பகுதி குறையவே செய்யும். ஆகவே பாதுகாப்புக் கேட்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் திருடன் போன பிறகு அந்தத் தெருவில் கடை வைத்திருக்கப் போவது யார் என்ற கேள்வியையும் அதே மனுவோடு சேர்த்துக் கேட்க வேண்டும். விளக்குப் போட்டவர்கள் அந்த வெளிச்சத்தில் வியாபாரம் செய்ய வேண்டும் என்பதே நம் விருப்பம்.